கேள்வி கேட்ட பிள்ளை

சந்தோஷப்படு. கண்ணில் தெரிகிற மாதிரிச் சந்தோஷப்படு. பாதி முகத்தை முகக்கவசம் மூடியிருக்கிறது, கண் சிரித்தால் போதும். வாய் என்ன செய்கிறதென்று யாரும் பார்க்கப் போவதில்லை.

தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டு அவள் உறிஞ்சுகுழாயைப் பெரியவரின் கன்னத்துக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். எச்சில் கரகரவென்று குழாயில் ஏறியது. பல் டாக்டர் ஒரு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். எதற்கும் குரல் உயர்த்தாத மனுஷி, சின்னப் பெண் மாதிரிக் குதிகாலில் எம்பி எம்பி நின்றார்.

"நிஜமாவா? எங்க பொம்மியா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க மிஸ், வேற யாராவது பொம்மியா இருக்கப் போறா!"

போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நம்ம பொம்மிக்குக் கெடைச்சிருச்சு! தனித்திறன் வகுப்பு!"

"ரொம்ப சந்தோஷம் டாக்டர்," என்றாள் அவள். கண் தன் வேலையைச் செய்தது.

நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த பெரியவரும் மரியாதைக்கு எதையோ சொல்ல முயன்றார். "ஆ... ஆஆ..."

"தேங்க்ஸ் சார், தேங்க்ஸ். வாயை மட்டும் மூடிடாதீங்க, மருந்து இன்னும் காயல." டாக்டர் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டார். "சிட்டுவுக்கும் வரும் பாரு. ஒவ்வொரு வீடாத்தான் கூப்பிட்டுச் சொல்றாங்களாம். எங்களை முன்னாடி கூப்பிட்டுட்டாங்க, அவ்வளவுதான்."

டாக்டர் அதை மனசாரத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒப்புக்குச் சொல்கிறவராக இருந்தால் உள்ளுக்குள் திட்டியாவது ஆறுதல் அடைந்திருக்கலாம். மகள் சிட்டுவை அந்தப் பள்ளியில் சேர்த்ததே டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையால்தான். இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று சேர்ந்தார்கள். அன்றைக்கு டாக்டரின் மகள் அழுதாள். கிளினிக் உதவியாளரின் மகள் அவளுக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். எல்லோரும் அதைப் பார்த்து உருகினார்கள்.

மேலங்கிப் பைக்குள் அவளுடைய போன் தொடையில் கனத்தது. சத்தம் குறைவாக வைத்திருக்கிறதோ என்று பெரியவர் எழுந்து போனதும் எடுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நோயாளி போன பிறகும் பார்த்தாள். கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, கருவிகளைக் கிருமி நீக்கும் கொதிகலத்தில் அடுக்கி மூடும்போது அதைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அடிக்காத போனை எத்தனை தடவைதான் எடுத்துப் பார்ப்பது?

பொதுவாக இப்படிப்பட்ட விஷயங்களுக்கு ஆலாய்ப் பறக்கிறவள் அல்ல அவள். இது அந்த மாதிரி இல்லை. அந்தப் பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுப்பது மூன்றாம் வகுப்பில் மட்டும்தான். பொறுக்கிய பிள்ளைகளை மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற புதுக் கட்டடத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அங்கே வேறு ஆசிரியர்கள், ஆய்வுக்கூடம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மேசை. படிப்பு முடிகிற வரைக்கும் அங்கேதான். மூன்றாம் வகுப்பில் தவறவிட்டால் விட்டதுதான். நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் திடீரென்று அறிவு முளைக்கும் என்பதை அந்தப் பள்ளி ஒப்புக்கொள்வதில்லை.

பொறுக்குகிற முறையும் எல்லோருக்கும் தெரியும். வகுப்பு டீச்சர் சில பெயர்களைச் சொல்வார். பிறகு வெளியிலிருந்து ஒரு அம்மாள் வந்து ஒரு காலைப்பொழுது முழுக்க வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்குப் புதிர் கொடுப்பார், பேசமாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். டீச்சர் சிட்டுவின் பெயரைத்தான் முதலில் சொன்னார். பள்ளி வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு இல்லாம வேற யாரு?" என்று கேட்டவர் அதே டீச்சர்தான்.

*

சிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி அதற்குள் காலுறையைத் திணித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. பிள்ளைக்கு இன்னும் தெரியாது போல என்று அவள் நினைத்துக்கொண்டு, கதவு முன்னால் நின்று பையைத் துழாவினாள். சாவியைக் காணோம்.

"கடைசியா எதைத் திறந்தீங்கம்மா?" என்றாள் சிட்டு.

"சாப்பாட்டு டப்பாவ."

"அப்ப சாவி எந்தக் கையில இருந்துச்சு?"

"ஏன்டி உயிரை வாங்கற? எங்க இருக்குன்னு தெரிஞ்சா சொல்லித் தொலையேன்."

"சொன்னா நாளைக்கும் தொலைப்பீங்க. எந்தக் கையில இருந்துச்சு?"

சாவி டப்பா வைக்கிற துணிப்பைக்குள் இருந்தது. சிட்டு கைதட்டினாள், தான் கண்டுபிடித்ததற்காக அல்ல, அம்மா கண்டுபிடித்ததற்காக. கொஞ்ச நாளாக வீட்டில் இதே கூத்துதான். "குட்டி டீச்சர் வேலையை உங்கப்பாகிட்ட வச்சுக்கோ," என்று வழக்கமாகச் சொல்லிவிட்டு உள்ளே போவாள். இன்றைக்குச் சொல்லவில்லை.

குட்டி டீச்சர் என்பது வகுப்பு வைத்த பெயர். டீச்சர் கணக்கைப் பலகையில் எழுதி முடிக்கும் முன்பே சிட்டு விடையை எழுதிவிட்டு, மிச்ச நேரத்துக்கு அக்கம்பக்கத்தில் வம்பு வளர்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பிலோ மூச்சுவிட இடமில்லாமல் பிள்ளைகள். டீச்சர் யோசித்து ஒரு வழி செய்தார். சிட்டுவைப் பொம்மியின் பக்கத்தில் உட்காரவைத்து, பொம்மிக்கும் பின்பெஞ்சுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார். ஒரே ஒரு சட்டம்: விடையைச் சொல்லவே கூடாது. கேள்விதான் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளையே விடைக்கு வந்து சேருகிற வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சிட்டு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, பொம்மிக்குக் கெடைச்சிருச்சு, தெரியுமா?" தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைப் புறங்கையால் துடைத்தபடி சிட்டு சொன்னாள். "மிஸ் வகுப்புல சொன்னாங்க. எல்லாரும் கைதட்டினோம். நான்தான் ரொம்ப நேரம் தட்டினேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தப் பின்னாடி உக்காந்த அம்மா வந்தாங்களே, அன்னிக்கு என்னடி நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

"ரெண்டு பேருக்கு ஒரு மரப்பெட்டி குடுத்தாங்க. கோணக்கோணையாத் துண்டு இருந்துச்சு. எல்லாத்தையும் பெட்டிக்குள்ள இடைவெளி இல்லாம அடுக்கணும். எனக்கும் பொம்மிக்கும் ஒரு பெட்டி."

"அடுக்கினீங்களா?"

"மொத்த வகுப்புலயே நாங்கதான் முடிச்சோம்!"

"யாரு அடுக்கினா?"

"பொம்மி."

"நீ?"

"நான் கேட்டேன்." அது எவ்வளவு சாதாரண விஷயம் என்பது போல் தோளைக் குலுக்கினாள். "இந்த மூலை எப்படி வளையுது பாரு, இதுக்கு எது சேரும்? இத இங்க வச்சா அங்க என்ன மிச்சமிருக்கும்? இந்த நீளத்துண்டை எங்க வைக்கலாம்? இப்படி. அவ பாத்துப் பாத்து வச்சா. ஒரு தடவை தப்பா வச்சா. நான் ஒண்ணும் சொல்லல. 'இப்ப மூடி மூடுமா?'ன்னு மட்டும் கேட்டேன். அவளே எடுத்துட்டா."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது, எது எங்க வரும்னு?"

"கொட்டினப்பவே தெரிஞ்சிருச்சு."

"அப்ப நீயே வச்சிருக்கக் கூடாதாடி?"

சிட்டு அவளை விநோதமாகப் பார்த்தாள். "நான் வச்சா விடையைச் சொன்ன மாதிரிதானேம்மா?"

அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதை இறுக்கினாள். இறுக்கிய பிறகும் கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.

"நீங்க ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" பின்னால் வந்து நின்ற சிட்டு கேட்டாள். "பொம்மி ஜெயிச்சா நான் ஜெயிச்ச மாதிரின்னு மிஸ் சொல்லியிருக்காங்க."

இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கட்டடங்களின் தொண்டைக்குள் தொங்கிவிட்டு வருகிறவனுக்கு எந்த உயரமும் பெரிதில்லை. "விடு. அறிவாளிங்களை எல்லாம் ஒரு கட்டடத்துல அடைச்சு வச்சா மத்ததெல்லாம் என்ன, மூட்டையா? எம் பொண்ணு எங்க இருந்தாலும் பொழைச்சுக்குவா."

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க," என்றாள் அவள். "பொழைச்சுக்குவா, பொழைச்சுக்குவான்னே சொல்லி ஒருத்தியை நடுத்தெருவுல விடலாம்."

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். மகளைப் பற்றித்தான் பேசுகிறாளா என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். கேட்காமல் சாப்பாட்டைத் தொடர்ந்தான். தம்பிகள் படிக்கட்டும், அக்கா எப்படியும் பொழைச்சுக்குவா என்று அவளுடைய பிறந்த வீட்டில் சொன்னதை அவனும் அறிவான்.

*

டீச்சர் அவளைப் பிள்ளைகளின் நாற்காலியில்தான் உட்காரச் சொன்னார். வேறு நாற்காலி இல்லை. முழங்கால் நெஞ்சை இடிக்க, குறுகி உட்கார்ந்தாள். பள்ளி விட்ட பிறகும் வகுப்பறையில் பிள்ளைகளின் சூடு மிச்சமிருந்தது. டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மாத்திரை ஒன்றை வாயில் ஒதுக்கியபடி பேசினார்.

"முடிவு வந்தாச்சும்மா. என் கையில ஒண்ணுமில்ல."

"மாத்தச் சொல்லி வரல மிஸ். காரணம் மட்டும் தெரிஞ்சா போதும்."

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"நான் வெளியாளா? நேத்து வரைக்கும் வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே பேசினீங்க."

டீச்சர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அழிப்பானைக் கையில் எடுத்துக்கொண்டார். துடைக்க எதுவும் இல்லாத பலகையைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்தம்மா பாத்தது என்னன்னா... ரெண்டு பிள்ளைங்க சேந்து பெட்டியை அடுக்கினாங்க. ஒருத்தி ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. இது எங்க வரும், அது எங்க வரும்னு. ஒரு துண்டைக்கூடத் தன் கையால தொடல. இன்னொருத்தி பொறுமையா யோசிச்சு, ஒவ்வொரு கேள்விக்கும் பதிலா ஒரு துண்டை வச்சு முடிச்சா." டீச்சர் நிறுத்தினார். "'அந்தக் கேள்வி கேக்கற பொண்ணு பக்கத்துப் பிள்ளையை ஒட்டிக்கிட்டுத்தான் காலம் தள்றா. அவளைத் தனியா உக்கார வச்சுப் பழக்குங்க'ன்னு எனக்கு அறிவுரை வேற."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்துவிட்டது, சின்ன நாற்காலி கிறீச்சிடுகிற அளவுக்கு. டீச்சரும் தப்பித்தோம் என்று கூடச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு அதற்குள் நின்றுவிட்டது.

"நீங்க சொல்லலையா மிஸ்?"

"என்னன்னு?"

"கேள்விதான் கேக்கணும்னு சொல்லிக் குடுத்தது நீங்கதான்னு."

டீச்சர் மாத்திரையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "எப்படிம்மா சொல்லுவேன்? என் வகுப்புல பாதிப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறது எட்டு வயசுப் பொண்ணுன்னு சொல்லவா? அப்புறம் நீ எதுக்கு இங்க இருக்கேன்னு கேக்கமாட்டாங்க?"

டீச்சரின் பயம் பொய்யில்லை என்று தெரிந்தது. தெரிந்தது எந்த விதத்திலும் உதவவில்லை.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க," டீச்சரின் குரல் கனிந்தது. "சிட்டுவும் அங்க போயிட்டா இந்த வகுப்பு என்ன ஆகும், சொல்லுங்க? பின்பெஞ்சுல உக்காந்திருக்கறதுங்க இப்பத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்குதுங்க. அவகிட்ட மட்டும்தான் வாயைத் திறக்குதுங்க. நாலாம் வகுப்புக்கும் நான்தான் இவங்களோட போறேன். அவ இருந்தா..." முடிக்காமல் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். பாராட்டுகிற புன்னகை அது.

அந்தப் புன்னகையில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. டீச்சர் யாரையும் ஏமாற்றவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். திறந்திருந்தால் தனக்குப் பழி. திறக்காவிட்டால் சிட்டு மிச்சம். இரண்டில் எது அவருடைய நாக்கைக் கட்டிப்போட்டது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மாடிக்குப் போய்த் தலைமையாசிரியையையும் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மிகவும் களைத்த குரலில் சொன்னார்: "எல்லா அம்மாவும் இதேதாம்மா சொல்றாங்க. எம் பிள்ளைதான் சொல்லிக் குடுத்தான், பக்கத்துப் பிள்ளை பேர் வாங்கிட்டுப் போயிட்டான்னு. இன்னிக்கே நீங்க முதல் ஆள் இல்ல." மற்ற அம்மாக்களையும் இப்படித்தான் உட்காரவைத்துச் சொல்லியிருப்பார். அவர்களில் யாராவது உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு நடக்கும்போது எரிச்சலெல்லாம் மெல்லத் தன் பக்கமே திரும்பியது. சிட்டு ஒரு நாள் வந்து, "அம்மா, எனக்கு என் படத்துக்குக் கலர் அடிக்கவே நேரமில்ல, எல்லாரும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க," என்று முனகியது ஞாபகம் வந்தது. அப்போது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்தா உனக்கென்ன குறைஞ்சா போயிடும் என்று சொன்னாள். சொல்லும்போது உச்சி குளிர்ந்திருந்தது. என் மகள் குட்டி டீச்சர். என் மகளுக்குத் தலைக்கனம் இல்லை. தலைக்கனம் இல்லாத பெண்ணை வளர்க்கிறோம் என்கிற பெருமையில், பிள்ளை தன் கையால் எதையும் தொடாமல் இருக்கக் கற்றுக்கொண்டதைக் கவனிக்கவில்லை.

அன்று மாலை மகளை மடியில் இழுத்து உட்காரவைத்துச் சொன்னாள். "நாளையில இருந்து உன் வேலையை மட்டும் செய். யாரு கேட்டாலும் மிஸ்ஸைக் கேக்கச் சொல்லு."

"மிஸ் கோவிச்சுக்குவாங்க."

"கோவிச்சுக்கட்டும்."

"நீங்க பொம்மி மேல கோவமா?"

"இல்ல."

"என் மேல?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அம்மா சொன்னபடியே சிட்டு செய்தாள். கணக்கைப் போட்டு முடித்துவிட்டுக் கைகட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, அது ஒட்டகம் மாதிரி இருக்கிறது என்றாள். அடுத்த நாள் ஒட்டகத்துக்கு வால் முளைத்திருப்பதாகச் சொன்னாள். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. சாவி தொலைந்தால் அம்மா தேடுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

பொம்மி புதுக் கட்டடத்துக்குப் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. டாக்டர் முதலில் ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொன்னார், பிறகு தனி மேசையைப் பற்றி. பிறகு பொம்மியைப் பற்றிய பேச்சே குறைந்தது. போனில் தாழ்ந்த குரலில், "அழாதம்மா, அழாத, அம்மா வர்றேன்," என்று சொல்வது மட்டும் கதவிடுக்கு வழியாகக் கேட்டது. பொம்மி நல்ல பெண். இதில் அந்தப் பிள்ளையின் குற்றம் எதுவுமில்லை. தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொள்ள யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை.

மதிய இடைவேளையில் காத்திருக்கும் அறை காலியாக இருந்தது. அவள் எச்சில் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து நோயாளியின் நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். வழக்கமாக அங்கே உட்காரமாட்டார்.

"ஏம்மா, உங்கிட்ட ஒரு உதவி."

"சொல்லுங்க டாக்டர்."

"பொம்மி ராத்திரி தூங்கறதில்ல. அங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் புதிர் குடுக்கறாங்களாம். இவ பாத்துக்கிட்டே உக்காந்திருக்காளாம். கைநடுக்கம் வந்துருது பிள்ளைக்கு. நேத்து என்ன சொன்னா தெரியுமா? 'அம்மா, சிட்டு கேட்டாத்தான் எனக்குத் தெரியும். அன்னிக்கும் சிட்டு கேட்டதாலதான் தெரிஞ்சுது'ங்கறா."

அவளுடைய கை தொட்டிக்குள் நின்றது. அப்படியானால் டாக்டருக்குத் தெரியும். நேற்றிலிருந்து தெரியும். இன்று காலை ஒன்றும் தெரியாதது போல் எத்தனை வாய்களுக்குள் எட்டிப் பார்த்தார்!

"எனக்குக் கேக்கவே சங்கடமாத்தான் இருக்கு," டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் நெனைச்சேன், சிட்டு சாயந்தரம் நம்ம வீட்டுக்கு வரட்டும். கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து, அவ கேக்கற மாதிரி கேக்கட்டும். கார்லயே கூட்டிட்டு வந்து நானே கொண்டு விட்டுடறேன். அவளும் அங்கேயே படிக்கலாம், விளையாடலாம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு உசுரு வேற. என்ன சொல்ற?"

"டாக்டர், பள்ளிக்கூடத்துல போய் இதைச் சொன்னீங்களா?"

"எதை?"

"பொம்மி சொன்னதை."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அதனால் முகம் சிவந்தது. "சொன்னா பொம்மியைத் திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. ஊர் முழுக்கச் சிரிக்கும். அந்தப் பிஞ்சு தாங்குவாளா? நீயும் ஒரு அம்மாதானே, உனக்குத் தெரியாதா?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "சிட்டுவுக்கு அப்படியில்ல. அவ தைரியசாலி. எங்க விட்டாலும் பொழைச்சுக்குவா," என்றார்.

அவள் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள். நுரை சுழன்று சுழன்று இறங்கியது. இந்த வேலை போனால் வேறு கிடைக்கும், சீக்கிரம் கிடைக்காது. டாக்டர் வேலையை விட்டு நிறுத்துகிற ஆளும் இல்லை. நாளைக்கும் இதே அறையில், ஒரே வாய்க்கு மேல் இரண்டு பேரும் குனிந்து நிற்க வேண்டியிருக்கும். அதுதான் நீக்கப்படுவதைவிடக் கஷ்டம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். டாக்டர் கையைப் பிடித்துக்கொள்வார். டீச்சர் போலவே.

பொம்மியின் நடுங்குகிற கையை நினைத்தாள். அது மனதை அறுத்தது. அறுக்கட்டும் என்று விட்டாள்.

"இல்லீங்க டாக்டர்," என்றாள். "சிட்டு வரமாட்டா."

டாக்டர் சரியாகக் காதில் விழவில்லையோ என்பது போல் பார்த்தார். "தினமும் வேணாம்மா. முடியறப்ப வந்தாப் போதும்."

"முடியறப்பவும் வேண்டாங்க."

"அவளைக் கேட்டியா? அவகிட்ட கேக்காமலே நீ சொல்றியே."

"கேக்கல."

"கேட்டுப் பாரேன். அவ கண்டிப்பா வர்றேன்னுதான் சொல்லுவா."

"ஆமாங்க," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "வர்றேன்னுதான் சொல்லுவா. அதனாலதான் கேக்கல."